பச்சைமலையில் ஜெனி உட்கார்ந்துவிட்ட மத்தியானம்

பாதையோரப் பாறை ஒன்றின் மேல் என் மகள் ஜெனி உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, அவற்றின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு. அப்போது அவளுக்கு எட்டு வயது. செருப்புகளைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தாள்.

அந்தச் செருப்புகளைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கால் வலிக்கிற பிள்ளை செருப்பை உதறிவிட்டு உட்காரும். ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உட்காருகிற பிள்ளை, இப்போதைக்கு எழுந்திருக்கப் போவதில்லை.

பச்சைமலையில் ஓர் அருவிக்கு இறங்கிவிட்டு, மலைமேல் இருக்கும் ஊருக்குத் திரும்ப ஏறிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். முந்திரி மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. என் மனைவி மெர்சி, நான்கு வயது மகன் ஆரோனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். துறையூருக்கு இறங்கும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான்.

“நீங்க போங்கப்பா. நான் வரல” என்றாள் ஜெனி.

அழவில்லை. கோபமும் இல்லை. கடையில் ஒரு சாமானை வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எதற்காக அந்த மலைக்குப் போனோம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நீளமான ஞாயிறுகள்

நான் வேலை பார்க்கும் பட்டறையின் இரைச்சலைப் பற்றி இந்தப் பத்தியில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். திருவெறும்பூரில், பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை. வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு சமயம், பல மாதங்கள் அந்த இரைச்சல் நின்றுபோனது. ஆர்டர் வரவில்லை. அந்த நேரத்தில்தான் மெர்சிக்கு வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். ஆரோனுக்கு அப்போதுதான் பால் மறக்கடித்திருந்தோம். இருவரும் பல நாள் பேசிப் பார்த்தோம். வேறு வழி தோன்றவில்லை. போனாள்.

அவள் போன கொஞ்ச நாளில் பட்டறை திரும்ப ஓட ஆரம்பித்தது. அதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்கு இன்று வரைக்கும் தெரியவில்லை.

வார நாட்களில் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. அன்று நான் மட்டும்தான். சர்ச்சில் முதல் பூசை பார்த்துவிட்டு வந்து, இட்லி ஊற்றி, துணி துவைத்துக் காயப்போட்டால், இன்னும் காலை வெயில்கூட ஏறியிருக்காது. அதற்குள் இரண்டும் போனுக்காக அடித்துக்கொள்ளும். ஆறு நாள் வேலை பார்த்த உடம்பு, படு படு என்று கெஞ்சும். படுத்தால் வீட்டில் ஏதாவது உடையும்.

எங்கேயாவது நடக்கக் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. ஆசையில் வந்த யோசனை இல்லை. ஆற்றாமையில் வந்தது.

முதலில் மலைக்கோட்டை. நான் செய்த ஏற்பாட்டில் ஒன்றுகூடச் சரியில்லை. கிளம்பினதே தாமதம். பாதிப் படியில் ஆரோன் தோளில் தூங்கிவிட்டான். தூங்குகிற பிள்ளையின் கனம் விழித்திருக்கிற பிள்ளையின் கனம் இல்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் விழித்தவன், சூடான பாறையில் கால் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகணும் என்று அலறினான். காவேரியையும் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தையும் காட்டினேன். அவன் என் மூக்கைப் பிடித்து இழுத்தான். ஜெனி மட்டும், தண்ணீர்ப் பையைச் சுமந்துகொண்டு, கோபுரத்தை எனக்காகப் பார்த்தாள்.

அடுத்த வாரம் கொள்ளிடத்துக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் குறைவு, மணல்தான் அதிகம். பாலத்திலிருந்து தூரமாகத் தெரியும் மணல்திட்டு வரைக்கும் போய்வருவதாக ஏற்பாடு. கரையிலிருந்து இறங்கின இடத்திலேயே ஆரோன் உட்கார்ந்து குழி தோண்ட ஆரம்பித்தான். முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு நானும் உட்கார்ந்தேன். மூன்று பேரும் மத்தியானம் வரைக்கும் தோண்டினோம். ஊறின தண்ணீரில் குட்டி மீன் ஒன்று எப்படியோ வந்திருந்தது. திட்டுக்குப் போகவே இல்லை. அன்று ராத்திரி போனில் இரண்டும் மெர்சியிடம் மாறி மாறிப் பேசின. நாங்கள் ரொம்ப தூரம் போனதாகச் சொன்னான் ஆரோன்.

போய்ச் சேர வேண்டிய இடம் என்பது பெரியவர்களுக்குத்தான் என்று அன்றைக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. வெயிலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும். தின்பண்டத்தைக் கிளம்பும்போதே காட்டிவிடக் கூடாது. எவ்வளவு தூரம் என்று கேட்டால் அந்த வேப்பமரம் வரைக்கும் என்று சொல்ல வேண்டும். வேப்பமரம் வந்ததும் அடுத்த மரத்தைச் சொல்ல வேண்டும். பாதை எங்காவது தண்ணீரில் போய் முடிந்தால் நல்லது. முக்கியமாக, முதலில் ஏறி, திரும்பும்போது இறங்குகிற இடமாகப் பார்க்க வேண்டும். இறங்கிப் போகிற இடத்துக்குச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். திரும்ப ஏற வேண்டிய நேரத்தில் கால்கள் தீர்ந்துபோயிருக்கும்.

வேளாங்கண்ணி நடை

சின்ன வயதில் நான் நடந்த நடை வேறு மாதிரி. ஒன்பது பத்து வயது இருக்கும். என் அப்பா நேர்ச்சை வைத்து, திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்தோடு என்னையும் சேர்த்துக்கொண்டார். இடுப்பில் காவி வேட்டி. அது எனக்கு நீளம்; ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

தஞ்சாவூர் தாண்டுவதற்குள் குதிகாலில் கொப்புளம் வைத்து உடைந்துவிட்டது. தார் ரோட்டின் சூடும், யாரோ கொடுத்த நன்னாரி சர்பத்தின் குளிர்ச்சியும் இப்போதும் ஞாபகம் இருக்கின்றன. அப்பா எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். அவருடைய முதுகுதான் எனக்குப் பாதை. நான் வருகிறேனா என்று அவர் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. கல்மனசு என்று சொல்ல மாட்டேன். எப்படியும் வந்துவிடுவேன் என்று நம்பினார். வந்துவிடவும் செய்தேன்.

என் பிள்ளைகளோடு நடக்கும்போது அதை மட்டும் மாற்றிக்கொண்டேன். கடைக்குட்டி முன்னால் போவான். அவன் வேகம்தான் எங்கள் வேகம். அவனுக்கு ஒரு கை தூரத்தில் நான். தண்ணீர்ப் பையும் மாற்று டிரவுசரும் தூக்கிக்கொண்டு ஜெனி பின்னால் வருவாள். தம்பி விழுந்தால் தேய்த்துவிடுவாள். ஒண்ணுக்கு வந்தால் மறைவாகக் கூட்டிப் போவாள். அவள் நடக்கச் சலித்துக்கொண்டதே இல்லை. ஆகவே பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

போனுக்குள் இருந்த அம்மா

இரண்டு வருஷம் முடிந்து மெர்சி ஒரு மாத லீவில் வந்தாள். திருச்சி ஏர்போர்ட்டுக்கு மூன்று பேரும் போயிருந்தோம். பெட்டி வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, மெலிந்துபோயிருந்தாள் என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஆரோனிடம் குனிந்து கையை நீட்டினாள். அவன் என் காலுக்குப் பின்னால் போய்விட்டான். என் சட்டைப்பையைக் காட்டி, “அம்மா போன்ல இருக்காங்க” என்றான்.

மெர்சி சிரித்தாள். காரில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜெனி நன்றாக நடந்துகொண்டாள். வாங்கம்மா, பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா என்று கேட்டாள். பையை வாங்கிக்கொண்டாள். மெர்சி வெளிநாடு போவதற்கு முன்பு ஜெனி அம்மாவை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது நீங்க, வாங்க. பிள்ளைக்கு மரியாதை வந்துவிட்டது என்று அக்கா பெருமைப்பட்டாள். நானும்தான்.

ஒரு வாரம் போயும் ஆரோன் அம்மாவிடம் சாப்பிட மாட்டேன் என்றான். அவள் குளிப்பாட்டக் கூப்பிட்டால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெர்சி எதையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நாள் சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, எங்கேயாவது மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்களேன் என்று கேட்டாள். போனில் தினமும் கேட்ட அந்த நடையில் தானும் ஒரு தடவை நடக்க வேண்டும் என்றாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, மறுபடியும் இரண்டு வருஷத்துக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்றாள். சரி என்று சொல்லிவிடத்தான் அவள் மனதில் இருந்தது. பிள்ளைகளிடம் அதை நல்லதொரு நாளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் பச்சைமலையைத் தேர்ந்தெடுத்தேன். ஆரோனுக்குத் தண்ணீர் என்றால் உயிர். அருவியில் இறங்கிவிட்டால், யார் கை கொடுத்தாலும் பிடித்துக்கொள்வான். அந்தப் பாதை இறங்கிப் போகிற பாதை என்று தெரியும். தெரிந்தேதான் போனேன். எங்கள் இருவர் கண்ணும் முழுக்க அவன் மேல்தான் இருந்தது.

அருவி

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, துறையூரில் மாறி, மலை பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறினோம். ஆரோன் ஒரு தடவை வாந்தி எடுத்தான். ஜெனி கவரைப் பிடித்துக்கொண்டாள். மேலே காற்று வேறாக இருந்தது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. ஊர்க்காரர் ஒருவர் வழி சொல்லிவிட்டு, திரும்பும்போது பஸ்ஸை விட்டுவிடாதீங்க என்று எச்சரித்தார்.

அருவியில் பெரிதாகத் தண்ணீர் இல்லை. பாறையில் வழிந்து, கீழே முழங்கால் ஆழத்துக்குத் தேங்கியிருந்தது. பிள்ளைகளுக்கு அதுவே போதும். நான் வேண்டுமென்றே கரையில் உட்கார்ந்துகொண்டேன். மெர்சி சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஆரோன் தண்ணீரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒரு கையை நீட்டினான்.

அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். தலையோடு தலை முட்டினான். அம்மா, அம்மா என்று கூப்பிட்டு, தண்ணீரை அள்ளி அவள் முகத்தில் அடித்தான். அவள் முகம் முழுக்கத் தண்ணீர். அதில் எது அருவி என்று தெரியவில்லை. கரையில் இருந்த எனக்கு இரண்டு வருஷத்து அசதி மொத்தமாக இறங்கின மாதிரி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

ஜெனி என் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியின் மாற்று டிரவுசரைத் தயாராக மடியில் வைத்திருந்தாள்.

பாறை

ஏறும்போது ஆரோன் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. பாதிவழியில்தான் ஜெனி அந்தப் பாறையில் உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். அந்த முந்திரி மரம் வரைக்கும் வா என்றேன். ஒளித்து வைத்திருந்த கடலை உருண்டையை எடுத்தேன். பையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பையைக் கழற்றிக் கொடுத்தாள். உட்கார்ந்தே இருந்தாள்.

முன்னால் போன மெர்சி திரும்பி வந்தாள். கால் வலிக்குதா கண்ணு என்று கேட்டாள். ஜெனி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, என்ன என்று நாங்கள் கேட்காமலே, அவள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள்.

“நீ போகப்போறேல்ல. திரும்ப.”

மெர்சி என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று கையை விரித்தேன்.

“அன்னைக்கு சமையல்கட்டுல பேசுனது கேட்டுச்சு. தம்பி கை நீட்டிக் கேட்டான், நீ போன்லேர்ந்து வந்து தூக்குன. நான் ஒண்ணும் கேக்கல. நான் நடந்துகிட்டேதான் இருக்கேன். நீ போனப்பவும் நடந்தேன், நீ வந்தப்பவும் நடந்தேன். எனக்கு இனிமே நடக்க முடியாது. நீ போ.”

இத்தனை நாள் போட்ட ‘நீங்க’ எங்கே போனதென்று தெரியவில்லை. பழைய ‘நீ’ வந்திருந்தது.

அதைக் கேட்டதும் மெர்சி ஆரோனை என்னிடம் கொடுத்தாள். அவன் வீறிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாறைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏறு.”

“நான் வெயிட்டு.”

“அங்க பெரிய பெரிய ஆம்பளைங்களையே கட்டில்லேர்ந்து தூக்கி உக்கார வச்சிருக்கேன். என் பொண்ண தூக்க மாட்டேனா? ஏறு ஜெனி.”

ஜெனி உடனே ஏறவில்லை. கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, மெதுவாக, தோளில் கை போட்டு ஏறினாள்.

எட்டு வயதுப் பிள்ளையை மலையேற்றத்தில் தூக்குவது சாதாரணம் இல்லை. மெர்சியின் முழங்கால் வரைக்கும் ஜெனியின் கால்கள் தொங்கின. பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். நான் மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஆரோன் என் தோளில் அழுது அழுது ஓய்ந்து, தூங்கிப்போனான்.

நான் பின்னால் போனேன். ஜெனி அம்மாவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் கேட்கவில்லை. பல் விழுந்தது பற்றி ஒரு வார்த்தை. தலை பின்னத் தெரியாமல் ஸ்கூலில் டீச்சர் பின்னிவிட்டது பற்றி ஒரு வார்த்தை. ஆரோனுக்குக் காய்ச்சல் வந்தது. சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கின புது நன்மைக்கு எடுத்த கவுனில் ஊக்கு குத்தினது. இரண்டு வருஷம் போனில் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அந்த ஏற்றத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

பஸ் போய்விட்டிருந்தது

ஊருக்கு வந்தபோது பஸ் இல்லை. கடை வைத்திருந்த பெண்மணி எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பாயை எடுத்துப் போட்டார். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார். மெர்சியால் முதுகை நிமிர்த்த முடியவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். ஜெனி அவள் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

சொல்ல வேண்டியதை மெர்சி அங்கேதான் சொன்னாள். நல்ல நாள் என்று நாங்கள் நினைத்து வைத்திருந்தது இப்படி இல்லை. போகத்தான் வேண்டும், பட்டறை ஓடாத மாதங்களில் வாங்கின கடன் இன்னும் தீரவில்லை, ஆனால் இரண்டு வருஷம் இல்லை, ஒன்றுதான், அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் போகவே மாட்டேன் என்றாள். அந்த முடிவை அவள் எங்கே எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். ஜெனி மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, அது வரைக்கும் தினமும் தன்னிடம் முதலில் பேச வேண்டும், தம்பியிடம் பிறகுதான் என்றாள்.

“சரி” என்றாள் மெர்சி.

சாயங்கால பஸ்ஸில் நான்கு பேரும் தூங்கிவிட்டோம். துறையூரில் கண்டக்டர்தான் எழுப்பினார்.

ஆஸ்பத்திரியில் முதலில் முறைத்துக்கொண்டு பிறகு ஒத்துக்கொண்டார்கள். அவள் போனாள். அந்த வருஷம் முந்தைய இரண்டைவிட நீளமாக இருந்தது. ஞாயிறுகளில் நாங்கள் மூன்று பேரும் நடந்தோம்; ஜெனி சில நாள் முன்னால் போனாள், சில நாள் வரமாட்டேன் என்று அக்கா வீட்டில் இருந்துகொண்டாள். வரமாட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொண்டது நல்லதுதான் என்று தோன்றியது. வருஷம் முடிந்ததும் மெர்சி வந்தாள். பெட்டிகளைப் பரணில் போட்டாள்.

போன ஞாயிறு

இப்போது அவள் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ராத்திரி டியூட்டி அதிகம். நான்கு பேரும் ஒன்றாக வெளியே போவது மாதத்துக்கு ஒரு தடவை அமைந்தால் பெரிது. நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிடவில்லை. களைப்பும் எங்கும் போய்விடவில்லை. இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

போன ஞாயிறு நார்த்தாமலைக்குப் போவதாக ஏற்பாடு. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி, தொப்பிகளை எடுத்து வைத்து, பிள்ளைகளுக்கு ஷூ மாட்டிவிட்டுத் தயாராக இருந்தோம். மெர்சி டியூட்டி முடிந்து வந்தாள். முகம் கழுவிக்கொண்டு வருகிறேன், அஞ்சு நிமிஷம் என்றாள். கட்டிலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றினவள், மற்றது காலில் இருக்க, அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஆரோன் எழுப்பப் போனான். நானும்கூட ஒரு தரம் தோளைத் தட்டலாமா என்று யோசித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஜெனி தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா ராத்திரி பூரா வார்டுல நடந்துட்டு வந்திருக்காங்க. இன்னைக்கு நாம யாரும் நடக்க வேணாம்பா” என்றாள்.

பிறகு மற்றக் காலுறையையும் மெதுவாகக் கழற்றினாள். மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, ஷூவோடேயே படுத்துக்கொண்டாள். ஆரோன் அவள் பக்கத்தில். அவனுக்குப் பக்கத்தில் நான்.

மத்தியானம் எழுந்து, கட்டின பொட்டலங்களை அந்தப் பாயிலேயே பிரித்துச் சாப்பிட்டோம்.